மேட்டு நிலத்து அறுகு

19-6-1985, புதன்

கடையில் மூன்று டிரான்சிஸ்டர், ஒரு டேப்ரிக்கார்டர். ரிப்பேர் முடித்து வைத்தால் ஆள் வரமாட்டான், முடிக்காவிட்டால் தினமும் வந்து நிற்பான். தர்மபுரி பஸ் ஸ்டாண்டுத் தூசியில் இதுதான் என் பிழைப்பு.

சாயங்காலம் குப்புராஜ் வந்தார். நல்லம்பள்ளிக்காரர், ஓசூரில் ஒரு ஃபேக்டரியில் இன்ஜினியர். போன வருஷம் ஜப்பான் ரேடியோ கார் ஒன்றைப் பழுது பார்க்க என்னிடம் கொண்டுவந்தார். கையில் பெட்டியை வைத்துக்கொண்டு இரண்டு குச்சியை அசைத்தால், முழ நீளக் கார் தானாக ஓடும், திரும்பும். அதைச் சரி பண்ணின நாளிலிருந்து எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. பாவம் என்று பழைய கார் ஒன்றை எனக்கே கொடுத்துவிட்டார்.

பெங்களூரில் அவருடைய கூட்டாளிகள் ஏழெட்டுப் பேர் பந்தயம் விடுகிறார்களாம். இடம்தான் இல்லை. சிமெண்டுத் தரையில் கவிழ்ந்தால் உடைகிறது, மண்ணில் ஓட்டினால் பல்சக்கரத்துக்குள் மண் ஏறுகிறது. “வெளிநாட்டுல புல்லுல ஓட்டறாங்க. நிரந்தரமா ஒரு புல் தரை இருந்தா மாசாமாசம் வந்துருவோம்ங்க. உங்களுக்கு நெலம் இருக்குதுல்ல?” என்றார்.

இருக்கிறது. மேட்டு நிலம். அப்பா போன பிறகு நான் ஏர் பூட்டவே இல்லை. கடை உண்டு, நான் உண்டு என்று விட்டுவிட்டேன். பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த நிலத்தில் வளைவு வளைவாகக் கார்கள் ஓடிக்கொண்டிருந்தன.

23-6-1985, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து நேராக மாது வீட்டுக்குப் போனேன். காரையும் எடுத்துப் போனேன்.

மாதுவும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. கிணறும் பொது. மேட்டில் கிணறு, அடுத்தது என் நிலம், அதற்குக் கீழே அவனுடைய ஒரு ஏக்கரா. கிணற்றுத் தண்ணீர் என் நிலத்து ஓர வாய்க்கால் வழியாகத்தான் அவன் நிலத்துக்குப் போகும். அவனுக்குச் சோறு போடுவது அந்த ஒரு ஏக்கரா.

களத்தில் காரை ஓட்டிக் காட்டினேன். பெட்டியை வாங்கினவன் முதல் சுற்றிலேயே வைக்கோல் போருக்குள் விட்டான். உள்ளே புகுந்து தேடி எடுத்துக்கொண்டு, தலையெல்லாம் வைக்கோலோடு வந்தான். நாற்பது வயது ஆள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

“இதுக்கா நெலம் வேணும்ங்கற? போட்டுரலாம் வா தனிசு.”

என்ன புல் என்று கேட்டேன். “வேற என்னா, அறுகுதான். மிதிச்சாலும் சாவாது, காஞ்சாலும் சாவாது” என்றான். இருவரும் சிரித்தோம். எங்கள் இரண்டு அப்பாக்களும் ஆயுள் முழுக்க அதை எதிர்த்துத்தான் குனிந்து கிடந்தார்கள்.

ராயம்மாளிடம் சொன்னேன். என் மனைவி எதையும் பாதியில் விடமாட்டாள். “உங்கப்பா அறுகு புடுங்கியே கூன் வுழுந்து போனாரு. நீங்க அத நட்டு வளக்கப் போறீங்களா? மேல இருந்து பாத்தா அவுருக்கு எப்புடி இருக்கும்?”

அவருக்கும் ஒரு கார் வாங்கிக் கொடுக்கலாம் என்றேன். அவள் தட்டை ‘ணங்’கென்று வைத்துவிட்டுப் போனாள்.

14-7-1985

மாது எருது பூட்டி உழுதான். நான் கல் பொறுக்கினேன். பிறகு கயிறு பிடித்துச் சுண்ணாம்பு தூவித் தடம் போட்டோம். கிணற்றடியிலிருந்து நேர் ஓட்டம், வேப்பமரத்தடியில் பெரிய வளைவு, நடுவில் பாம்பு போல ஒரு நெளிவு, திரும்ப வாய்க்கால் ஓரமாகக் கிணற்றுக்கு.

ஏரிக்கரையிலிருந்து ஒரு வண்டி அறுகு. கணுக்கணுவாக நறுக்கி, சேற்றில் நாற்று மாதிரி ஊன்றினோம். மாது மனைவி செல்லம்மாள் அவளுடைய நிலத்துக்குப் போகிறவள் நின்று பார்த்தாள். “நெலத்துல அறுகு நடற ஆம்பளைங்கள இப்பத்தான் பாக்கறேன்ண்ணா” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள் என்று நினைக்கிறேன். நான் குனிந்திருந்தேன், முகத்தைப் பார்க்கவில்லை.

2-9-1985

பிடித்துவிட்டது! ஊன்றின கணுவெல்லாம் துளிர். அடேயப்பா, என்ன பச்சை.

20-10-1985

புல்லை மட்டமாக வைப்பதுதான் பெரும்பாடு. அரிவாளால் அறுத்தால் மேடு பள்ளமாக நிற்கிறது. ஆடு விட்டுப் பார்த்தோம். அழகாக மேய்ந்துவிட்டு வழியெல்லாம் புழுக்கை போட்டுவிட்டுப் போயின. கார் சக்கரத்தில் அது சிக்கிக்கொண்டு, அந்த வேடிக்கையை ஊரே வந்து பார்த்தது.

கடைசியில் மாதுதான் வழி கண்டுபிடித்தான். கேழ்வரகுப் போர் அடிக்கிற கல் உருளையை எருதில் கட்டித் தடத்தின்மேல் ஓட்டினான். புல் பாய் விரித்தது போலப் படிந்துவிட்டது. அரிவாளை விட்டுவிட்டுத் தையற்காரக் கத்திரியோடு உட்கார்ந்து நுனி வெட்டுகிறான். அவன் தலைமுடியைக்கூட அப்படிப் பார்த்து வெட்டிக்கொண்டதில்லை.

ஒரு போலீஸ்காரர் வந்தார். ஒயர்லெஸ் வைத்து ஏதோ செய்கிறோம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பெட்டியை அவர் கையில் கொடுத்தோம். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, “வேற ஒண்ணும் இல்லியே?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

8-12-1985

மாது என்னைவிட நன்றாக ஓட்டுகிறான். நெளிவில் நான் மூன்று தரம் கவிழ்த்தேன், அவன் ஒரு தரமும் கவிழ்க்கவில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

25-1-1986, சனி

நாளைக்குப் பந்தயம். பெங்களூரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் வருகிறார்கள். கடையைப் பூட்டிவிட்டு மத்தியானமே வந்துவிட்டேன்.

அறுகு சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி எல்லாப் பக்கமும் கால் நீட்டியிருந்தது. தடம் எது, வெளி எது என்றே தெரியவில்லை. நானும் மாதுவும் மண்வெட்டி பிடித்து ஓரம் சீவினோம். வேரும் கொடியுமாக இடுப்பளவு குவியல். பொழுது இறங்கிவிட்டது. சுண்ணாம்பு தூவணும், கொடி நடணும், இன்னும் எவ்வளவோ வேலை. பக்கத்தில் வாய்க்கால் காய்ந்து கிடந்தது.

“இப்போதைக்கு வாய்க்கால்ல தள்ளுப்பா. திங்கக்கெழம அள்ளிக்கலாம்” என்றேன்.

மாது தள்ளினான். மேலே தென்னை ஓலை போட்டு மூடினோம். இப்போது தடம் துடைத்து வைத்தது போல இருக்கிறது.

26-1-1986, ஞாயிறு

ராயம்மாள் தனியாகப் பூசைக்குப் போனாள். போகிறபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. போகட்டும், இன்றைக்கு ஒரு நாள்தானே.

எட்டுக் கார். என் நிலத்தில் எட்டுக் கார்! ஈக் கூட்டம் மாதிரி சத்தம். ஊர் சனம் வரப்பு முழுக்க. குப்புராஜ் தன்னுடைய இரண்டாவது காரை மாது கையில் கொடுத்தார். வெள்ளைச் சட்டைக்காரர்கள் நடுவில் கோவணத்தின் மேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று, மூன்றாவதாக வந்தான். விசில் அடித்தார்கள்.

பெங்களூர்க்காரர் ஒருவர் குனிந்து புல்லைத் தடவிப் பார்த்தார். “யாருங்க இத வளத்தது? எங்க கிளப்புலகூட இப்புடி ஒரு புல் கெடையாது” என்றார். மாது மோட்டார் கொட்டகைப் பக்கம் நின்றிருந்தான். “நாந்தாங்க. மாதுவும் கூட ஒத்தாசை பண்ணான்” என்றேன்.

ஒத்தாசை. இப்போது எழுதும்போது கையில் குத்துகிறது.

27-1-1986, திங்கள்

இன்று மாதுவின் தண்ணீர் முறை. எனக்கு நினைப்பே இல்லை. அவனுக்கும் இல்லை.

விடியற்காலையில் கரண்ட் வந்திருக்கிறது. மோட்டாரைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் மறுபடி படுத்துவிட்டான். கரண்ட் வந்தால் போட்டுவிடுவது, போகும்வரை ஓடவிடுவது, இந்தப் பக்கம் எல்லாரும் அப்படித்தான். நேற்றைய களைப்பு வேறு. குவியலை அள்ளக் கூடையோடு நான் போனபோது வாய்க்காலில் தெளிந்த தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஓலை மட்டும் கரையில் ஒதுங்கிக் கிடந்தது.

கீழே ஓடினேன். நிலக்கடலை போட உழுது வைத்த நிலம். பாத்தி பாத்தியாகத் தண்ணீர் பரவி, அதன்மேல் பச்சைப் பச்சையாக அறுகு. மாது வரப்பில் நின்றிருந்தான்.

“பொறுக்கிட்டாப் போவுது” என்றான்.

இரண்டு பேரும் சேற்றில் இறங்கிப் பொறுக்கினோம். நேற்றைய பந்தயத்தைப் பேசிக்கொண்டே பொறுக்கினோம். கூடை கூடையாகத்தான் வந்தது. ஆனால் உள்ளே புதைந்தது எத்தனை? ஒரு கணு போதும் என்று எனக்குத் தெரியாதா? ஆறு மாதத்துக்கு முன்னால் ஒவ்வொரு கணுவாக ஊன்றியவன் நான்தானே.

9-2-1986

மாது விதை போட்டுவிட்டான். ஈரம் போய்விடும் என்று பொறுக்கவில்லை. விதைக்கிறதுக்கு முன்னால் மறுபடி உழுதானாம். உழுதால் ஒரு கொடி பத்துத் துண்டாகும். சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. விதைத்தவனிடம் போய் என்ன சொல்வது?

16-3-1986

கடலை நாலு விரல் உயரம். அறுகும் நாலு விரல் உயரம்.

6-4-1986, ஞாயிறு

பூசைக்குப் போகிற வழி. செல்லம்மாள் இரண்டு பெண்களோடு களை வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நிமிர்ந்தாள். கையில் ஒரு கொடி. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. அதை அப்படியே தூக்கிக் காட்டினாள்.

“உங்க காரு ஓட்டத்துக்கு எங்க நெலமாண்ணா கெடச்சுது?”

மாது தூரத்திலிருந்து, “ஏ, சும்மா இருடி” என்றான். என்னைத் திட்டியிருக்கலாம். மண்ணாங்கட்டியை எடுத்து அடித்திருக்கலாம். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

கோயிலில் என்ன பிரசங்கம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

1-6-1986

கடலை பிடுங்கு. செடியை இழுத்தால் செடி மட்டும் வருகிறது, காய் அறுகுக்குள் மாட்டிக்கொண்டு மண்ணிலேயே நிற்கிறது. மண்வெட்டி போட்டு வெட்டி எடுத்தார்கள். வழக்கமாக வருவதில் பாதிகூட இல்லை. நானும் ராயம்மாளும் போய்க் காய் ஆய்ந்தோம். மாது எனக்கும் மோர் கொடுத்தான். நறுக்கென்று இரண்டு வார்த்தை கேட்டிருந்தால் அந்த மோர் தொண்டையில் இறங்கியிருக்கும்.

சாயங்காலம் அவனைத் தனியாகப் பிடித்து, “என் மேட்டு நெலத்த நீ வெச்சுக்க மாது. எழுதிக் குடுத்துடறேன்” என்றேன்.

“அதுல என்னாப்பா இருக்குது. அறுகுதான்” என்றான்.

சிரித்தான். அந்தச் சிரிப்பு வைக்கோல் போரிலிருந்து வந்த சிரிப்பு இல்லை.

10-8-1986

இரண்டாவது பந்தயம். நாலு கார்தான் வந்தது. மாது வரவில்லை. கல் உருளையை நானே எருது வாடகைக்குப் பிடித்து ஓட்டினேன். ஒரு பக்கம் அழுந்தி ஒரு பக்கம் தூக்கி நின்றது. குப்புராஜ் முதல் ஆளாக வந்தார். கை தட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் ராயம்மாள் கேட்டாள். “யாரு செயிச்சது?” கைகால் கழுவப் போனேன்.

3-5-1987

மழை இல்லை. கிணற்றில் பாறை தெரிகிறது. மாது இந்தத் தடவை கேழ்வரகு போட்டுப் பார்த்தான், அதுவும் போச்சு. இந்தக் காய்ச்சலிலும் அவன் நிலத்தில் ஒன்றே ஒன்று பச்சையாக இருக்கிறது.

பார்க்க முடியவில்லை. பஸ்ஸுக்கு ஏரிக்கரை வழியாகச் சுற்றிப் போகிறேன்.

9-8-1987, ஞாயிறு

குப்புராஜ் வந்தார். பெங்களூரில் கிளப்புக்குள்ளேயே புல் தடம் போட இடம் கொடுத்துவிட்டார்களாம். இனி இங்கே வரமாட்டார்கள். அதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு கையைப் பிசைந்தார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதைச் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன்.

பிறகு கேட்டார். “அங்க புல்ல வளத்துப் பராமரிக்க ஒரு ஆள் வேணும்ங்க. மாச சம்பளம், தங்க ரூம். அந்த மாதுவக் கேட்டுப் பாருங்களேன். நீங்க அன்னிக்கு ஒத்தாசைன்னு சொன்னீங்க. கத்திரிய வெச்சுக்கிட்டு அவுரு குந்தியிருந்தத நானுந்தான பாத்தேன்.”

தலையைக் குனிந்துகொண்டேன்.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நாழி யோசித்தேன். மாது போய்விட்டால் இந்த ஊரில் எனக்கு யார்? ஆனால் அவன் அடுப்பு எரிய வேண்டுமே.

10-8-1987

சொன்னேன். மாது வெகுநேரம் எருதையே பார்த்துக்கொண்டிருந்தான். “புல்லு வளக்கறதுக்கு சம்பளமா?” என்றான். செல்லம்மாள் உள்ளேயிருந்து, “போவட்டும்ண்ணா. இங்க என்னா இருக்குது, காவல் காக்க?” என்றாள்.

30-8-1987

எருதை விற்றுவிட்டார்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு இருவரும் போகிறார்கள். தொப்பூர்ப் பக்கமிருந்து வந்த பெங்களூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு சாக்கு. சாக்கில் என்ன என்று கேட்டேன். “மேட்டு நெலத்து அறுகுதான். நல்ல சாதி. அங்க ஊனலாம்னு” என்றான்.

பஸ் நகரும்போது என்னமோ ஆவேசம் வந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன். “மாது, நீ திரும்பி வர்றதுக்குள்ள ஒன் நெலத்த சுத்தம் பண்ணி வெக்கறம்ப்பா. ஒரு கணு இருக்காது. கடலக்கா போடலாம்” என்று கத்தினேன். அவன் காதில் விழுந்ததா தெரியாது. செல்லம்மாள் தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள். அவளுக்குக் கேட்டிருக்கும்.

17-1-1988

மேலே இருப்பது போகாமல் கீழே போகாது. முதலில் தடத்தைத்தான் எடுக்க வேண்டும். இன்று வேப்பமரத்து வளைவை வெட்டினேன். வேர் முழங்கை ஆழம். கடப்பாறை போட்டால்தான் வருகிறது. நாங்கள் பாய் மாதிரி வேண்டும் என்று ஆசைப்பட்டோம், அது பாய்க்கு அடியில் வீடே கட்டிவிட்டது.

24-4-1988

நேர் ஓட்டம் முடிந்தது. நெளிவும் முடிந்தது. வெட்டினதை எல்லாம் வெயிலில் காயவைத்துக் கொளுத்தினேன். புகை கண்ணில் பட்டது. புகைதான் என்று ராயம்மாளிடமும் சொன்னேன்.

ராயம்மாள் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கும் முட்டி வலி.

அந்த எட்டுக் கார் ஓடின இடமா இது?

19-6-1988

மாதுவின் நிலத்தில் இறங்கிவிட்டேன். கிழக்கு மூலையிலிருந்து. கடைக்கு மத்தியானம்தான் போகிறேன். ரேடியோக்கள் காத்துக் கிடக்கட்டும்.

6-11-1988

மழை. நல்ல மழை, ஊரே சந்தோஷமாக இருக்கிறது. கிழக்கு மூலை சுத்தமாக இருந்தது. இன்று காலையில் போய்ப் பார்த்தேன். ஊசி ஊசியாக, வரிசை வரிசையாக. நட்டது போல இருக்கிறது.

வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். என்ன பண்ணுவேன்? யேசுவே, நான் என்னதான் பண்ணுவேன்?

20-11-1988

மறுபடி கிழக்கு மூலையிலிருந்து.

15-1-1989, ஞாயிறு

பொங்கலுக்கு மாதுவும் செல்லம்மாளும் வந்திருக்கிறார்கள். மாது பேண்ட் போட்டிருக்கிறான், கையில் வாட்ச். கன்னம் பூசினாற்போல் இருக்கிறான். கிளப்பில் எல்லாரும் ‘மாதப்பா, மாதப்பா’ என்கிறார்களாம். தள்ளிக்கொண்டு போகிற மெஷின் வந்துவிட்டதாம், அதைப் பற்றிப் பேசினான். ஞாயிற்றுக்கிழமையில் கார் ஓட்டக்கூட விடுகிறார்களாம்.

மூன்று பேரும் நிலத்துக்குப் போனோம். கிழக்கு மூலையில் ஒரு பாய் அகலம்தான் மண் தெரிந்தது. மற்றதெல்லாம் மழையில் ஒரேயடியாக மூடிக்கிடந்தது. மண்வெட்டி காலையில் நான் விட்ட இடத்திலேயே கிடந்தது. சொன்னபடி செய்யவில்லை என்று சொல்ல வார்த்தை தேடினேன்.

மாது செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினான். குனிந்தான். உள்ளங்கையைப் புல்லின்மேல் வைத்து அழுத்தினான், எடுத்தான், மறுபடி அழுத்தினான். முகம் மலர்ந்துவிட்டது.

“என்னா மெத்துனு வந்திருக்குது பாரு தனிசு! கிளப்புல இவ்ளோ தண்ணி ஊத்தியும் இப்புடி வரல. உருளை ஓட்டி, ஓரம் சீவி வுட்டா போதும்.” பிறகு நான் வெட்டிப் போட்டிருந்த மூலையைப் பார்த்து, நிஜமாகவே புரியாமல் கேட்டான். “அந்தப் பக்கம் எதுக்குப்பா கொத்தி வெச்சிருக்கற? நல்லா இருந்த புல்லாச்சே.”

நான் கடலை நிலத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான் ஒரு வருஷமாகக் குனிந்து கிடந்தேன். வாங்கிக்கொள்ள வேண்டியவன் பெங்களூர் பஸ்ஸில் போனபடியே போய்விட்டான். அவன் திட்டுவான் என்று பயந்திருந்தேனே, திட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

செல்லம்மாள் புதுப் புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பிலிருந்து இறங்கினாள். கிழக்கு மூலையில், நான் விட்ட இடத்தில் உட்கார்ந்து, ஒரு கொடியைப் பிடித்து இழுத்தாள். அறுந்து வந்தது. விரலை மண்ணுக்குள் விட்டு மீதியைத் தேடினாள்.

நானும் போய் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.